மழை மட்டும் போதுமா? நம் நாட்டு ஏரிகளின் நிலவியல் கதை

மாணவர்களே, கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு இரயிலில் போயிருக்கிறீர்களா? அடுத்த முறை போகும்போது, கம்பாரைத் தாண்டிப் பத்து காஜாவை நெருங்கும் வரை கைப்பேசியை மூடிவைத்துவிட்டு வெளியே பாருங்கள். செம்பனைத் தோட்டங்களுக்கும் வீடுகளுக்கும் இடையில் நீர்நிலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். சிலவற்றின் கரையில் வாத்துப் பண்ணை இருக்கும். சிலவற்றில் தாமரை படர்ந்திருக்கும். மலேசியாவைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர் இதைப் பார்த்தால், ஏரிகள் நிறைந்த நாடு என்றே எண்ணுவார்.

உண்மை வேறு. அங்கே தெரியும் நீர்நிலைகளில் பெரும்பாலானவை மனிதர் தோண்டிய பழைய ஈயக் குட்டைகள். சொல்லிக்கொள்ளும் அளவுக்குப் பெரிய இயற்கை ஏரிகளை எண்ண நமக்குக் கைவிரல்களே போதும்.

இப்போது ஓர் ஒப்பீடு. மலேசியாவின் பெரும்பாலான இடங்களில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. வடக்கு ஐரோப்பாவில் உள்ள பின்லாந்தில் மழையும் பனியும் சேர்ந்து ஏறக்குறைய 500 முதல் 700 மில்லிமீட்டர்தான். நமக்குக் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு! ஆனால் அந்நாட்டில் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட ஏரிகளும் குளங்களும் சுமார் 188,000 இருக்கின்றன.

மழை நம்மிடம், ஏரிகள் அவர்களிடம். இது எப்படி?

ஏரிக்குத் தேவை இரண்டு

ஒரு குவளைத் தண்ணீரை மேசைமீது ஊற்றுங்கள். வழிந்து ஓடிவிடும். அதே நீரைக் கிண்ணத்தில் ஊற்றினால் நிற்கும். ஏரியும் இப்படித்தான். அதற்கு நீர் வேண்டும். நீரைத் தாங்கும் பள்ளமும் வேண்டும். நீரை வானம் கொடுக்கிறது. பள்ளத்தை நிலத்தின் வரலாறு கொடுக்கிறது.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். ஏரிகள் நிலையானவை அல்ல. ஏரிக்குள் வரும் ஆறு, நீரோடு மண்ணையும் மணலையும் கொண்டு வருகிறது. ஆண்டுக்கு ஆண்டு வண்டல் படிந்து அடித்தளம் உயர்கிறது. ஏரியைவிட்டு வெளியேறும் ஆறோ, தன் வாய்க்காலை அரித்து அரித்து ஆழமாக்குகிறது. ஒரு பக்கம் பள்ளம் தூர்ந்துபோகிறது. மறு பக்கம் நீர் வடிந்துபோகிறது. ஆகவே புதிய பள்ளங்கள் உண்டாகாத நாட்டில், இருக்கும் ஏரிகளும் காலப்போக்கில் மறைந்துவிடும். மழை அதிகம் என்றால் அரிப்பும் வண்டலும் அதிகம். நம் மழை ஏரிகளை நிரப்புவதோடு, அவற்றைத் தூர்க்கவும் செய்கிறது.

அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி, "எங்கே மழை அதிகம்?" என்பதல்ல. "யார் பள்ளம் தோண்டினார்கள்? எப்போது?" என்பதுதான். இயற்கையில் அந்த வேலையைச் செய்பவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்போம்.

பனி: நம்மிடம் வராத விருந்தாளி

பின்லாந்தைக் கடைசிப் பனியுகத்தில் மிகப் பெரிய பனிப்படலம் மூடியிருந்தது. நகரும் பனி, அடியிலிருந்த பாறையைச் சுரண்டிக் குழிகளை உண்டாக்கியது. தான் சுமந்து வந்த கல்லையும் மண்ணையும் மேடுகளாகக் கொட்டியது. ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன் பனி உருகி விலகியபோது, குழிகளில் நீர் தங்கியது. கனடாவிலும் இதே கதைதான். நிலவியல் கணக்கில் 10,000 ஆண்டுகள் என்பது நேற்று நடந்ததுபோல. அதனால்தான் அந்த ஏரிகள் இன்னும் தூர்ந்துபோகவில்லை.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் நம் தாழ்நிலங்களுக்குப் பனி வரவேயில்லை. மலேசியாவில் பனியாறு நகர்ந்த தடங்களைப் பார்க்க வேண்டுமானால், சபாவில் 4,095 மீட்டர் உயரமுள்ள கினாபாலு மலையின் உச்சிக்குத்தான் போக வேண்டும்.

நெருப்பும் நிலப்பிளவும்: அண்டை வீட்டில் நடந்தவை

மலாக்கா நீரிணையின் மறு பக்கம் இருக்கும் சுமத்ராவைப் பாருங்கள். அங்கே தோபா ஏரி இருக்கிறது. நீளம் சுமார் 100 கிலோமீட்டர். அகலம் சுமார் 30 கிலோமீட்டர். மிக ஆழமான இடத்தில் 500 மீட்டருக்கும் மேல். ஏறக்குறைய 74,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு மாபெரும் எரிமலை வெடிப்பு நிகழ்ந்தது. நிலத்தடியில் இருந்த பாறைக்குழம்பு வெளியேறியதும், மேலிருந்த நிலம் தாங்க ஆளின்றி உள்ளே சரிந்தது. அந்தப் பெரும் பள்ளத்தில் நீர் நிறைந்ததே தோபா. அந்த வெடிப்பின் சாம்பல் இந்தியா வரை பறந்து படிந்தது. நம் பேராக்கின் லெங்கோங் பள்ளத்தாக்கிலும் அந்தச் சாம்பல் படிவைக் காணலாம்.

சுமத்ராவுக்கு அடியில் இந்தோ-ஆஸ்திரேலியப் புவித்தட்டு அமிழ்ந்துகொண்டிருக்கிறது. அதனால் அங்கே எரிமலைகளும் நிலப்பிளவும் உள்ளன. மேற்குச் சுமத்ராவில் மானிஞ்சாவ் ஏரி எரிமலைப் பள்ளத்தில் அமைந்தது. அதன் அருகிலுள்ள சிங்காராக் ஏரி நிலப்பிளவில் உண்டானது. தீபகற்ப மலேசியா அந்த எல்லையிலிருந்து தள்ளி, தட்டின் உட்பகுதியில் அமைதியாக இருக்கிறது. இங்கே இயங்கும் எரிமலை இல்லை. விரிந்துகொண்டே போகும் பிளவும் இல்லை. பெரிய நிலநடுக்கங்களிலிருந்து நம்மைக் காக்கும் அதே அமைதிதான், தோபா போன்ற ஓர் ஏரி நமக்குக் கிடைக்காததற்கும் காரணம்.

சுண்ணாம்புக்கல்: மழை கரைத்த பள்ளம்

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு, மென்மையான கார்பானிக் அமிலமாகிறது. இந்த அமிலம் சுண்ணாம்புக்கல்லை மெல்ல மெல்லக் கரைக்கும். பாறைக்குள் குகை உண்டாகும். ஒரு நாள் குகையின் கூரை இடிந்து விழும். லங்காவித் தீவுக்கூட்டத்தில் உள்ள டாயாங் பூந்திங் ஏரி இவ்வாறு பிறந்ததுதான். சுற்றிலும் செங்குத்தான பாறைச் சுவர், ஒரு மெல்லிய பாறை வேலிக்கு அப்பால் கடல், உள்ளே நன்னீர். அங்கே சுற்றுலா போனால், அந்தக் குகைக்கூரை எங்கே இருந்திருக்கும் என்று அண்ணாந்து பாருங்கள்.

ஆறு: நம் இயற்கை ஏரிகளின் தாய்

நம் நாட்டின் முக்கிய இயற்கை ஏரிகளை உண்டாக்கியவை ஆறுகளே. இதற்குப் பின்னால் கடலின் கதையும் இருக்கிறது. ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் நீரில் இன்றைவிட அதிகமான பங்கு பனியாக உறைந்து கிடந்தது. கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. தீபகற்ப மலேசியா, சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே நிலப்பரப்பாக இணைந்திருந்தன. பனி உருகிக் கடல் உயர்ந்தபோது, ஆறுகளின் கீழ்ப்பகுதியில் சரிவு குறைந்தது. வேகம் குறைந்த ஆறு, சுமந்து வந்த வண்டலை இறக்கிவைக்கும். பெரிய ஆற்றின் கரைகள் இவ்வாறு உயரும்போது, பக்கத்துத் தாழ்நிலங்களின் நீர் வடிய வழியின்றித் தேங்கும். இவற்றை வெள்ளச்சமவெளி ஏரிகள் என்கிறோம்.

பகாங்கில் உள்ள சினி ஏரியை எடுத்துக்கொள்வோம். ஒன்றோடொன்று இணைந்த 12 நீர்ப்பரப்புகளைக் கொண்டது அது. சினி ஆறு என்னும் சிறிய ஆறு அதைப் பகாங் ஆற்றோடு இணைக்கிறது. வழக்கமாக ஏரியின் நீர் ஆற்றுக்குப் போகும். பருவமழையில் பகாங் ஆறு பெருகினால், நீர் திசைமாறி ஏரிக்குள் வரும்! ஏரி ஒரு பருவத்தில் விரிந்து, மற்றொரு பருவத்தில் சுருங்கும். கரையோர மரங்களும் மீன்களும் அந்தத் தாளத்துக்குப் பழகியவை.

பகாங்கிலேயே உள்ள பெரா ஏரி, ஏரியும் சதுப்பும் சேர்ந்த பரந்த அமைப்பு. இங்கே மட்காத தாவரக் கழிவு சேர்ந்து சேர்ந்து 'பீட்' எனப்படும் கறுப்பு மண்ணாகத் திரண்டிருக்கிறது. செமெலாய் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் இடம் இது. 1994இல் மலேசியாவின் முதல் ராம்சார் ஈரநிலமாகப் பெரா ஏரி அறிவிக்கப்பட்டது.

சரவாக்கின் மிகப் பெரிய இயற்கை ஏரியான லோகான் பூனுட் சுமார் 650 ஹெக்டர் பரப்புடையது. பாராம் ஆற்றின் கிளையான திஞ்சார் ஆற்றோடு அது தொடர்புடையது. கடும் வறட்சியில் இந்த ஏரி வற்றி, அடித்தளம் வெடித்த சேறாகக் காட்சியளிக்கும். சில வாரங்களில் ஆறு பெருகினால் மறுபடியும் ஏரி!

கவனித்தீர்களா? இவை எல்லாமே ஆழமற்ற ஏரிகள். ஆற்றை நம்பி வாழ்பவை. நிலவியல் கணக்கில் மிக இளையவை.

இருபது கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய ஈயக் குட்டைகள்

இப்போது இரயிலில் பார்த்த குட்டைகளுக்குத் திரும்புவோம். அவற்றை மனிதர் தோண்டினர் என்றேன். ஆனால் எங்கே தோண்ட வேண்டும் என்பதை முடிவு செய்தது நிலவியல்தான்.

இன்றைய தீபகற்பம் ஒருகாலத்தில் இரண்டு தனித்தனி நிலத்துண்டுகளாக இருந்தது. நடுவில் ஒரு பழங்கடல். அந்தக் கடல் மூடி, இரண்டு துண்டுகளும் மோதி ஒட்டிக்கொண்டன. அந்த ஒட்டுக்கோட்டை நிலவியலாளர்கள் பெந்தோங்-ரவூப் கோடு என்கிறார்கள். ஆம், பகாங்கில் உள்ள அதே பெந்தோங், அதே ரவூப்! மோதலின்போது ஆழத்தில் உருகிய பாறைக்குழம்பு மெல்லக் குளிர்ந்து கிரானைட் ஆனது. தித்திவங்சா மலைத்தொடரின் கிரானைட் ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. குழம்பு குளிர்ந்த கடைசிக் கட்டத்தில் எஞ்சிய சூடான நீர்மங்கள், பாறை வெடிப்புகளில் ஈயத்தாதுவைப் படியவைத்தன.

(பேச்சில் நாம் ஈயம் என்பது, வேதியியலில் வெள்ளீயம். காரீயம் வேறு உலோகம், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

அதன்பின் கோடிக்கணக்கான ஆண்டுகள் மழை பெய்தது. மலை தேய்ந்தது. பாறையிலிருந்து விடுபட்ட தாது, மணலோடு சேர்ந்து ஓடைகளில் உருண்டு வந்தது. இங்கே ஓர் எளிய இயற்பியல் வேலை செய்தது. சாதாரண மணலில் உள்ள குவார்ட்சின் அடர்த்தி, கன சென்டிமீட்டருக்கு 2.65 கிராம். ஈயத்தாதுவான காசிட்டரைட்டின் அடர்த்தி ஏறக்குறைய 7 கிராம். இலேசான மணலை நீர் தொலைவுக்குக் கொண்டுபோயிற்று. கனமான தாது மலையடிவாரப் பள்ளத்தாக்குகளிலேயே தங்கிவிட்டது. கிந்தாப் பள்ளத்தாக்கில் இன்னொரு வசதியும் இருந்தது. அதன் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அமில நீர் கரைத்த மேடுபள்ளங்களில் தாது சிக்கிச் சேர்ந்தது.

சுரங்கத் தொழிலாளர்கள் அந்தத் தாதுவைத் தேடியே தோண்டினர். நீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்து எடுத்தார்கள். பெண்கள் டூலாங் எனப்படும் மரத்தட்டில் மணலை அலசித் தாதுவைப் பிரித்தார்கள். பிற்காலத்தில் மிதக்கும் ஈயக்கப்பல்கள் வந்தன. தஞ்சோங் துவாலாங்கில் 1938இல் கட்டப்பட்ட ஒரு கப்பலை இன்றும் பார்க்கலாம். தான் தோண்டிய குளத்திலேயே மிதந்துகொண்டு, முன்னே தோண்டிப் பின்னே மண்ணைக் கொட்டி நகரும் இயந்திரம் அது. 1985இல் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்தது. சுரங்கங்கள் பல மூடப்பட்டன. குழிகள் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கியிருந்ததால் அவை நீரால் நிறைந்தே கிடந்தன. இவையே ஈயக் குட்டைகள்.

எனவே தைப்பிங், கிந்தாப் பள்ளத்தாக்கு, கிள்ளான் பள்ளத்தாக்கு ஆகிய இடங்களை வரைபடத்தில் குறித்துக்கொண்டு பார்த்தால், குட்டைகள் கிரானைட் மலைகளின் அடிவாரத்தை ஒட்டியே கூடியிருப்பது தெரியும். 1880இல் அமைக்கப்பட்ட தைப்பிங் ஏரிப் பூங்காவும் பழைய ஈயச் சுரங்கம்தான். பகாங்கின் சுங்கை லெம்பிங்கிலும் ஈயம் எடுத்தார்கள். ஆனால் அங்கே இப்படிக் குட்டைகள் வரிசையாக இல்லை. ஏன்? அங்கே தாது இன்னும் பாறைக்குள்ளேயே இருந்தது. அதனால் மலைக்குள் சுரங்கப் பாதைகள் குடைந்தார்கள். ஒரே உலோகம், அது இருந்த இடம் வேறு, விட்டுச்சென்ற தடமும் வேறு.

அணைகள்: பள்ளத்தாக்கை மூடினால் ஏரி

நம் நாட்டின் மிகப் பெரிய நீர்ப்பரப்புகள் அணைகளால் ஆனவை. மலைப்பகுதியில் ஆறு குறுகிய பள்ளத்தாக்கு வழியே இறங்கும் இடத்தில் ஒரு சுவர் எழுப்பினால், மேலே இருக்கும் கிளைப் பள்ளத்தாக்குகள் எல்லாம் நிரம்பும். திரங்கானுவின் கென்யிர், பேராக்கின் தெமெங்கோர், சரவாக்கின் பாக்குன் ஆகியவை இப்படிப்பட்டவை. பாக்குனின் நீர்ப்பரப்பு சுமார் 695 சதுர கிலோமீட்டர். ஏறக்குறைய சிங்கப்பூர் அளவு! கென்யிரின் தீவுகள் என்று நாம் படகில் சுற்றிப் பார்ப்பவை முன்பு மலையுச்சிகள்.

வடிவமே பிறப்பைச் சொல்லிவிடும். செயற்கைக்கோள் வரைபடத்தில், கிளைவிட்ட மரம்போல விரல்விரலாகப் பிரிந்திருந்தால் அது அணை ஏரியாக இருக்கலாம். சமவெளியில் சிறியதும் பெரியதுமாகக் கூட்டமாய் இருந்தால் ஈயக் குட்டைகளா என்று பாருங்கள். பெரிய ஆற்றின் அருகில் ஆழமின்றிப் பரந்து, பருவத்துக்குப் பருவம் அளவு மாறினால் அது வெள்ளச்சமவெளி ஏரியாக இருக்கும்.

இதைத் தெரிந்து என்ன பயன்?

தேர்வுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். ஓர் ஏரி எப்படிப் பிறந்தது என்று தெரியாவிட்டால், அதைக் காப்பாற்றப் போய்க் கெடுத்துவிடுவோம்.

சினி ஏரியில் அதுதான் நடந்தது. 1990களின் நடுப்பகுதியில், வறண்ட காலத்திலும் ஏரியில் நீர் நிறைந்திருக்க வேண்டும் என்று சினி ஆற்றில் ஒரு தடுப்பணை கட்டினார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் ஏறி இறங்க வேண்டிய நீர் இறங்காமல் நின்றது. கரையோர மரங்களின் வேர்கள் ஆண்டு முழுவதும் மூழ்கிக் கிடந்து, மரங்கள் நின்றபடியே பட்டுப்போயின. வெள்ளச்சமவெளி ஏரியை அணை ஏரிபோல நடத்தியதால் வந்த விளைவு இது. சுற்றியுள்ள காடு அழிந்து வண்டல் பெருகினால், ஆழமற்ற ஏரிகள் இன்னும் விரைவாகத் தூர்ந்துபோகும். 2009இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்ற இந்த ஏரியின் கரையில் வாழும் ஜாக்குன் மக்களுக்கு இது பாடநூல் செய்தியல்ல, அன்றாட வாழ்க்கை.

ஈயக் குட்டைகளையும் ஒதுக்கிவிட முடியாது. பத்து காஜா அருகே பழைய குட்டைகள் நிறைந்த கிந்தா இயற்கைப் பூங்காவில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுகின்றன. 2014 வறட்சியின்போது சிலாங்கூரில் பழைய சுரங்கக் குட்டைகளின் நீரை ஆற்றுக்குள் இறைத்தார்கள்.

ஆனால் ஓர் ஆசிரியராக இதைச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். குட்டைகளில் குளிக்க இறங்காதீர்கள். வெள்ளச்சமவெளி ஏரியின் கரை பெரும்பாலும் மெல்லச் சரியும். ஈயக் குட்டை தோண்டப்பட்ட குழி. கரையிலிருந்து ஓரடி தள்ளினாலே திடீரென ஆழம் இருக்கலாம். சுரங்கக் கழிவான மென்சேறு காலைப் பிடித்துக்கொள்ளும், கரைமண் சரியும். மேலே இருந்து பார்த்தால் நீர் அமைதியாகத்தான் தெரியும். நன்றாக நீந்தத் தெரிந்த நண்பன் கூப்பிட்டாலும் "வேண்டாம்" என்று சொல்லுங்கள். காரணத்தையும் சொல்லுங்கள், இப்போது உங்களுக்குக் காரணம் தெரியும்.

செய்து பாருங்கள்

தேவையானவை: அகலமான தட்டு, ஒரு கைப்பிடி மணல், பள்ளி அறிவியல் கூடத்திலிருந்து ஒரு தேக்கரண்டி இரும்புத் தூள், ஒரு வாளி நீர், காந்தம்.

1. மணலையும் இரும்புத் தூளையும் நன்றாகக் கலந்து தட்டில் இடுங்கள். இரும்பின் அடர்த்தி ஏறக்குறைய 7.9, ஈயத்தாதுவின் அடர்த்திக்கு அருகில் உள்ளது.
2. தட்டில் சிறிது நீர் ஊற்றி, வட்டமாக அசைத்து, மேல்நீரை மெல்ல வாளிக்குள் வழியவிடுங்கள். இதைப் பத்து முறை செய்யுங்கள்.
3. தட்டில் எஞ்சியதையும், வாளியில் விழுந்ததையும் தனித்தனியே உலர்த்துங்கள். காந்தத்தை ஒரு தாளில் சுற்றி, எதில் இரும்பு அதிகம் என்று சோதியுங்கள்.

டூலாங் தட்டு ஏந்திய பெண்கள் செய்ததும், கிந்தா ஓடைகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் செய்ததும் இதே சோதனைதான்.

சிந்தியுங்கள்

1. சைபீரியாவின் பைக்கால் ஏரி சுமார் 2.5 கோடி ஆண்டுகள் பழமையானது. ஆழம் 1,642 மீட்டர். அது நிலப்பிளவில் அமைந்தது. அந்தப் பிளவு இன்னும் விரிகிறது. இத்தனை காலமாகியும் அது ஏன் தூர்ந்துபோகவில்லை?
2. சிங்கப்பூரில் பெரிய இயற்கை ஏரிகள் இல்லை. மெக்ரிச்சி நீர்த்தேக்கம் 1860களில் ஒரு பள்ளத்தாக்கை மறித்துக் கட்டப்பட்டது. தீபகற்பத்தில் இயற்கை ஏரிகள் குறைவாக இருப்பதற்கு நாம் கண்ட காரணங்களில் எவை சிங்கப்பூருக்கும் பொருந்தும்?
3. உங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள ஏரி, குளம், குட்டை எதுவாயினும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பள்ளத்தைத் தோண்டியது யார், எப்போது? வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். அவர்களில் ஒருவர் அங்கேயே வேலை செய்திருக்கவும் கூடும்.